கையால் ஒரு கரிம டிரான்சிஸ்டர்: வேஃபர் கழுவுவதிலிருந்து மொபிலிட்டி கணக்கு வரை

சில்லின்மேல் விட்ட கரைசலைச் சுழற்றி மெல்லிய படலமாக்கும் ஸ்பின் கோட்டர் சுற்றுவது ஒரே ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்காக ஒன்றரை நாள் கழுவிக்கொண்டும் காயவைத்துக்கொண்டும் இருக்க வேண்டும். கரிமக் குறைக்கடத்தி ஆய்வுக்குப் புதிதாக வரும் மாணவர்கள் யாரும் இதை நம்புவதில்லை. நானும் நம்பவில்லை. என் முதல் பன்னிரண்டு சில்லுகளில் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. பழியைப் பாலிமர்மேல் போட்டேன். பாலிமர் நன்றாகத்தான் இருந்தது.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு சாதனத்தைப் பற்றியது: பி3எச்டி என்று ஆய்வகங்களில் சுருக்கிச் சொல்லும் பாலி-3-ஹெக்சைல்தயோபீனை வைத்து, சிலிக்கான் சில்லின்மேல் செய்யும் புலவிளைவு டிரான்சிஸ்டர். இதைவிட வேகமான பொருட்கள் இன்று நிறைய உண்டு. ஆனால் கை பழக இதுதான் நல்லது. கரைசலாகக் கிடைக்கிறது, உலகம் முழுக்க எல்லோரும் செய்து பார்த்திருக்கிறார்கள், உங்கள் எண் சரியா தவறா என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியிருக்கிறது.

முதலில் ஒரு விஷயம்

பிளாஸ்டிக் மின்சாரம் கடத்தும் என்று 1977-இல் பாலிஅசிட்டிலீனில் அயோடினைச் சேர்த்துக் காட்டியவர்கள் ஹீகர், மக்டயார்மிட், ஷிரகாவா. 2000-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. 1986-இல் ஜப்பானின் மிட்சுபிஷி எலக்ட்ரிக் ஆய்வாளர்கள் பாலிதயோபீனில் டிரான்சிஸ்டர் செய்தார்கள். 1987-இல் கோடாக்கில் டாங்கும் வான்ஸ்லைக்கும் வெளியிட்ட ஒளிரும் டையோடின் வாரிசுதான் இப்போது உங்கள் கைப்பேசித் திரையில் இருக்கும் ஓஎல்இடி. வரலாறு இவ்வளவு போதும்.

உண்மையில் மனதில் நிறுத்த வேண்டியது வேறு. டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் சோர்ஸ், டிரெய்ன் என்ற இரண்டு மின்வாய்களுக்கு இடையே, சேனல் என்ற பகுதி வழியாக ஓடுகிறது; அதைக் கட்டுப்படுத்தும் மூன்றாவது மின்வாய் கேட். கேட்டில் மின்னழுத்தம் கொடுத்ததும் மின்சுமைகள் பாலிமர் படலம் முழுக்கப் பரவி ஓடுவதில்லை. கேட்டையும் பாலிமரையும் பிரிக்கும் ஆக்சைடை ஒட்டிய முதல் சில நானோமீட்டருக்குள்தான் ஓட்டம். நாற்பது நானோமீட்டர் படலம் போட்டிருந்தால் அதில் பெரும்பகுதி கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி. வேலை பார்ப்பது அடுப்படியில் நிற்கும் நாலு பேர்தான். அந்த நாலு பேர் நிற்கும் தரை எப்படி இருக்கிறது என்பதுதான் உங்கள் டிரான்சிஸ்டர். கீழே வரும் ஒவ்வொரு படியையும் இந்தக் கண்ணோடு படியுங்கள்.

எதிர்பார்ப்பையும் சொல்லிவிடுகிறேன். மின்சுமை எவ்வளவு சுலபமாக நகர்கிறது என்பதன் அளவு மொபிலிட்டி. தூய சிலிக்கானில் எலக்ட்ரானுக்கு அது ஏறத்தாழ 1,400 சதுர செ.மீ. / வோல்ட்-வினாடி. பி3எச்டியில் 0.01 முதல் 0.1 வரை வந்தால் நன்று. சிலிக்கான் படிகத்தில் எலக்ட்ரான் நெடுஞ்சாலையில் போகிறது. இங்கே மின்சுமை ஒரு சங்கிலியிலிருந்து அடுத்த சங்கிலிக்குத் தாவித் தாவிப் போகிறது. உங்களுக்கு 5 வந்தால் கொண்டாட வேண்டாம், கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

வாங்க வேண்டியவை

வேஃபர்: மிகையாக மாசூட்டிய (நன்றாகக் கடத்துவதற்காக வேற்று அணுக்கள் சேர்த்த) சிலிக்கான் தகடு, மேலே 300 நானோமீட்டர் வெப்ப ஆக்சைடு. சிலிக்கானே கேட்டாக வேலை செய்யும். 300 நானோமீட்டர் ஆக்சைடு ஊதா கலந்த நீலமாகத் தெரியும். அந்த நிறம் ஒரு இலவச அளவுகோல். பெட்டியைத் திறந்ததும் வேறு நிறம் தெரிந்தால் தடிமனை அளந்து பார்க்காமல் தொடங்காதீர்கள்.

பாலிமர்: பக்கச் சங்கிலிகள் எல்லாம் ஒரே ஒழுங்கில் அமைந்த வகை வேண்டும். தலை-வால் ஒழுங்கு 95 சதவீதத்துக்கு மேல் என்று குப்பியில் போட்டிருப்பதை வாங்குங்கள். ஒழுங்கு குலைந்த வகையில் பக்கச் சங்கிலிகள் ஒன்றோடொன்று இடித்து முதுகெலும்பையே முறுக்கிவிடும்; பிறகு எதைச் செய்தும் பயனில்லை. குப்பியின் தொகுதி எண்ணை நோட்டில் எழுதுங்கள். ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஆனால் தொகுதிக்குத் தொகுதி மூலக்கூறு எடை மாறும், மொபிலிட்டியும் மாறும்.

உங்கள் கல்லூரியில் தூய்மை அறை இல்லையென்றால் அதோடு கைவிட வேண்டாம். மத்திய அரசின் ஐஎன்யுபி திட்டம் பெங்களூர் ஐஐஎஸ்சி, ஐஐடி பம்பாய் போன்ற இடங்களின் நானோ ஆய்வகங்களை வெளியாட்களுக்குத் திறந்துவிடுகிறது. பின்னாளில் ஐஐடி மெட்ராஸும் சேர்ந்தது. இன்னொரு வழி, தங்க மின்வாய்கள் ஏற்கெனவே வரையப்பட்ட சில்லுகளை வாங்குவது. ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனம் விற்பவை பிரபலம். அதில் கரைசலை ஊற்றிச் சுற்றினால் போதும். விலை கையைக் கடிக்கும்.

வெட்டுவதும் கழுவுவதும்

வைர முனை எழுத்தாணியால் விளிம்பில் ஒரு சிறு கோடு, லேசான அழுத்தம்; வேஃபர் நேர்கோட்டில் தானாகப் பிளக்கும். தேய்த்துத் தேய்த்து வெட்ட வேண்டியதில்லை. இரண்டு செ.மீ. சதுரம் போதும். சிலிக்கான் தூள் பறக்கும், உடனே நைட்ரஜன் காற்றால் ஊதுங்கள். சிமிட்டாவை எப்போதும் ஒரே மூலையில் பிடிக்கும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள். அந்த மூலை எப்படியும் கெட்டுப்போகும். கெடுவது ஒரு மூலையோடு நிற்கட்டும்.

பிறகு குளியல். சோப்புத் தண்ணீர், அயனி நீக்கிய தண்ணீர், அசிட்டோன், ஐசோபுரொப்பனால். ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் அல்ட்ராசோனிக் தொட்டியில். இதில் ஒரே ஒரு இடத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள்: அசிட்டோனிலிருந்து எடுத்த சில்லு காற்றில் காய்ந்துவிட்டால், கரைந்திருந்த அழுக்கு வட்டக் கறையாகத் திரும்ப உட்கார்ந்துகொள்ளும். நனைந்த நிலையிலேயே ஐசோபுரொப்பனாலுக்கு மாற்றுங்கள். கடைசியில் நைட்ரஜனை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு, திரவத்தைத் தள்ளிக்கொண்டு போவதுபோல ஊதுங்கள்.

அடுத்து புறஊதா-ஓசோன் கருவியில் இருபது நிமிடம். வெளியே எடுத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தாமரை இலை மாதிரி உருண்டு நின்றால் அழுக்கு இருக்கிறது. சில்லு முழுக்கக் கண்ணாடிபோலப் பரவினால் தயார். (சோதனைக்கென்று ஒரு சில்லை ஒதுக்குங்கள், எல்லாவற்றிலும் சொட்டு விடாதீர்கள்.)

பிரானா கரைசல் பற்றிப் படித்திருப்பீர்கள். அடர் கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த கலவை. நன்றாகக் கழுவும், சந்தேகமில்லை. கூடவே அசிட்டோன் மிச்சமிருக்கும் பீக்கரில் பட்டால் வெடிக்கும். முதல் வருட மாணவருக்கு அது தேவையே இல்லை, ஓசோன் போதும்.

தரையைப் பதப்படுத்துதல்

இப்போது ஆக்சைடின் மேற்பரப்பு முழுக்க சிலனால் என்ற ஹைட்ராக்சில் தொகுதிகள் நிற்கின்றன. தண்ணீர் பரவியதற்குக் காரணம் அவைதான். அவைதான் எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொறிகளும். பல பாலிமர்கள் "துளைகளை (எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள், நேர் மின்சுமைபோல நகர்பவை) மட்டுமே கடத்தும்" என்று நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2005-இல், கேம்பிரிட்ஜ், சிங்கப்பூர் ஆய்வாளர்கள் சிலனால் இல்லாத மின்காப்பு அடுக்கைப் போட்டுப் பார்த்தபோது அதே பாலிமர்கள் எலக்ட்ரான்களையும் கடத்தின. பொருளின் குணம் என்று எழுதி வைத்திருந்தது தரையின் குணம்! இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த முடிவு இதுதான். ஒரு பாடமாக இல்லை, ஒரு எச்சரிக்கையாக.

சிலனாலை மூட இரண்டு வேதிப்பொருட்கள்: எச்எம்டிஎஸ் (ஹெக்சாமெத்தில்டைசிலசேன்), ஓடிஎஸ் (ஆக்டடெசில்ட்ரைகுளோரோசிலேன்). ஓடிஎஸ் நீண்ட பதினெட்டுக் கரிமச் சங்கிலி. நன்றாகப் படிந்தால் தண்ணீர்ச் சொட்டு 110 டிகிரி கோணத்தில் முத்துப்போல நிற்கும். ஆனால் அதற்கு ஈரம் ஆகாது. காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டு, தானே தன்னோடு கட்டிக்கொண்டு வெண்ணிறப் பொருக்காகிவிடும். ஐப்பசி மழையில் சென்னையில் குப்பியைத் திறந்து வைத்துப் பாருங்கள், புரியும். சில்லின்மேல் பால் ஆடை மாதிரி ஒரு மங்கல் தெரிந்தால் அது ஓடிஎஸ் கட்டிகள், தூக்கிப் போடுங்கள். இன்னொரு தொல்லை: ஓடிஎஸ் நன்றாகப் படிந்த சில்லில் பாலிமர் கரைசலும் ஒட்டாமல் சுருண்டு ஓடிவிடும்.

அதனால் முதல் முறைக்கு எச்எம்டிஎஸ். மூடிய டெசிகேட்டருக்குள் சிறு கண்ணாடித் தட்டில் சில சொட்டு விட்டு, பக்கத்தில் சில்லுகளை வைத்து இரவு முழுக்க ஆவியில் விடுங்கள். காலையில் 100 டிகிரி சூடான தட்டில் பத்து நிமிடம். ஃபியூம் ஹூடுக்குள் செய்யுங்கள், நாற்றம் தாங்காது. தண்ணீர்ச் சொட்டு இப்போது பரவாமல் குவிந்து நிற்க வேண்டும்.

ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு சில்லை மட்டும் இந்தப் பதப்படுத்தல் இல்லாமல் விட்டுவிடுங்கள். காரணம் பின்னால்.

கரைசலும் படலமும்

ஒரு மில்லிலிட்டர் ஈரமற்ற குளோரோபென்சீனுக்குப் பத்து மில்லிகிராம் பாலிமர். பி3எச்டி துகள்கள் நிலைமின்சாரத்தால் சிமிட்டாவிலும் தராசுச் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும், பொறுமை வேண்டும். அலுமினியத் தாள் சுற்றி 60 டிகிரியில் இரவு முழுக்கக் கலக்குங்கள். காலையில் குப்பியை வெளிச்சத்தில் பிடித்தால் தெளிந்த ஆரஞ்சு. ஆறவிட்டால் மெல்லக் கருத்து, நாள் கணக்கில் விட்டால் கூழாகக்கூட ஆகும். கெட்டுப்போகவில்லை, சங்கிலிகள் ஒன்றோடொன்று சேர ஆரம்பித்துவிட்டன, அவ்வளவுதான். திரும்பச் சூடாக்கி, சூட்டோடு 0.45 மைக்ரோமீட்டர் டெஃப்லான் வடிகட்டியில் வடிக்கவும்.

காற்றும் ஈரமும் புகாத, நைட்ரஜன் நிரப்பிய க்ளவ் பாக்ஸுக்குள் ஸ்பின் கோட்டர். சில்லு முழுவதும் மூடும் அளவுக்குக் கரைசல் விட்டு, நிமிடத்துக்கு 1,500 சுற்று, அறுபது வினாடி. இந்த நேரத்தில் அலைபேசியைப் பார்க்காதீர்கள், சில்லைப் பாருங்கள். ஆரஞ்சாக இருந்த படலம் காயும்போது ஊதாவாக மாறுகிறது. கரைசலில் முறுகிக் கிடந்த சங்கிலிகள் நிமிர்ந்து, தட்டையாகி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்வதால் வரும் நிறமாற்றம் அது. ஒரு பாலிமர் படிகமாவதைக் கண்ணால் பார்க்க வேறு வாய்ப்பு அதிகம் கிடைக்காது.

ஏன் குளோரோபென்சீன்? குளோரோஃபார்ம் 61 டிகிரியில் கொதிப்பது. கண் சிமிட்டுவதற்குள் காய்ந்துவிடும். குளோரோபென்சீன் 131 டிகிரி. சங்கிலிகள் நிதானமாக அடுக்க நேரம் கிடைக்கிறது. அடுக்கும் திசையும் முக்கியம். பக்கச் சங்கிலிகள் வழியான இடைவெளி ஏறத்தாழ 1.6 நானோமீட்டர், அங்கே மின்சுமை தாவாது. வளையங்கள் முகத்தோடு முகம் அடுக்கும் இடைவெளி 0.38 நானோமீட்டர், தாவல் நடப்பது அங்கேதான். புத்தகங்களை அலமாரியில் நிறுத்தி வைத்ததுபோல மூலக்கூறுகள் தரையில் நின்றால் தாவும் பாதை தரைக்கு இணையாக, டிரான்சிஸ்டருக்கு வேண்டிய திசையில் அமையும். தரையில் படுத்துவிட்டால் பாதை மேல்நோக்கிப் போய் வீணாகும். 1999-இல் கேம்பிரிட்ஜில் சிரிங்ஹாஸ் குழு இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே மொபிலிட்டி நூறு மடங்குக்கு மேல் வேறுபடுவதைக் காட்டியது.

பிறகு நைட்ரஜனில் 120 டிகிரியில் அரை மணி நேரம். தட்டை அணைத்து, சில்லு தானாக ஆறட்டும்.

தங்கம் போடுதல்

சில்லின்மேல் நிழல் முகமூடியை வைத்து வெற்றிட ஆவியாக்கியில் ஐம்பது நானோமீட்டர் தங்கம். வெற்றிடம் மில்லிபாரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு இறங்கும்வரை காத்திருங்கள். ஏன் தங்கம்? தூய தங்கத்தின் வேலைச்சார்பு (ஒரு எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல்) 5.1 எலக்ட்ரான்வோல்ட்டை ஒட்டியது, பி3எச்டியில் எலக்ட்ரான்கள் நிரம்பிய மேல்மட்டம் 5-ஐ ஒட்டியது. இரண்டுக்கும் நடுவே பெரிய படிக்கட்டு இல்லாததால் துளைகள் சிரமமின்றி உள்ளே இறங்கும். கண்ணாடியிலோ ஆக்சைடிலோ தங்கம் ஒட்டக் குரோமியம் போடும் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். பாலிமரைத் தொடுவது குரோமியமாகிவிட்டால் தங்கம் போட்ட அர்த்தமே போய்விடும்.

முதல் ஐந்து நானோமீட்டரை மிக மெதுவாக, வினாடிக்கு 0.02 நானோமீட்டர் வேகத்தில் போடுங்கள். சூடான தங்க அணுக்கள் மென்மையான பாலிமருக்குள் புதையும். பிறகு வேகத்தைக் கூட்டலாம்.

முகமூடி சில்லோடு ஒட்டி உட்காராவிட்டால் தங்கம் ஓரங்களில் கசிந்து சேனலைக் குறுக்கிவிடும். முகமூடியில் 50 மைக்ரோமீட்டர் என்று இருக்கலாம். உங்கள் சில்லில் 43 இருக்கலாம். ஒவ்வொரு சாதனத்தையும் மைக்ரோஸ்கோப்பில் அளந்து எழுதுங்கள். அலுப்பான வேலைதான்.

கேட் இணைப்பு, தனிமைப்படுத்தல்

நீங்கள் எப்போதும் சிமிட்டாவில் பிடித்த அந்த மூலையை வைர முனையால் ஆழமாகக் கீறி, ஆக்சைடுக்குக் கீழே சிலிக்கானைத் தொட்டு, வெள்ளிப் பேஸ்ட் ஒரு பொட்டு வையுங்கள். அதுதான் கேட்.

அடுத்தது பலர் விட்டுவிடும் காரியம். படலம் சில்லு முழுக்க ஒரே விரிப்பாக இருக்கிறது. மின்னோட்டம் சேனலுக்குள் மட்டுமா ஓடும்? மின்வாய்களின் பக்கவாட்டிலும் வளைந்து ஓடும். அகலத்தைக் குறைத்துக் கணக்கிட்டு, மொபிலிட்டியை அதிகமாகக் காட்டுவீர்கள். கேட் கசிவும் கூடும். பல் குத்தும் குச்சியைக் குளோரோபென்சீனில் தொட்டு, ஒவ்வொரு சாதனத்தையும் சுற்றி ஒரு வேலி மாதிரிப் படலத்தைத் துடைத்து எடுங்கள். கோடிக்கணக்கில் கருவி வைத்திருக்கும் ஆய்வகத்தில் பல் குத்தும் குச்சியா என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அளத்தல்

மைக்ரோஸ்கோப் விளக்கை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். பி3எச்டி ஒளியை நன்றாக உறிஞ்சும். வெளிச்சத்தில் அணைநிலை மின்னோட்டம் (டிரான்சிஸ்டர் அணைந்திருக்கும்போதும் ஓடுவது) ஏறிக் காட்டும்.

முதலில் கசிவு. கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே மட்டும் மின்னழுத்தத்தை ஏற்றிப் பாருங்கள். டிரெய்ன் மின்னோட்டத்தில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். இது சரியில்லையென்றால் அந்தச் சாதனத்தில் வேறெதையும் அளக்காதீர்கள்.

அடுத்து வெளியீட்டு வரைபடம்: கேட் 0, மைனஸ் 10, மைனஸ் 20 என்று மைனஸ் 60 வரை, ஒவ்வொன்றிலும் டிரெய்னை 0-விலிருந்து மைனஸ் 60 வரை. தொடக்கப் பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். நேர்கோடாகக் கிளம்பினால் மின்வாய் சரி. பாம்பு தலை தூக்குவதுபோல வளைந்து கிளம்பினால் மின்வாயில் தடை. கோடுகள் எல்லாம் பூஜ்யத்தில் சந்திக்காமல் விலகி நின்றால், நீங்கள் சரி என்று விட்ட கசிவு சரியில்லை.

கடைசியாகப் பரிமாற்ற வரைபடம். டிரெய்ன் மைனஸ் 60-இல் நிற்க, கேட் பிளஸ் 20-இலிருந்து மைனஸ் 60 வரை போய்த் திரும்பி வர வேண்டும். போகும் கோடும் வரும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழாவிட்டால் இடைவெளி அளவுக்குப் பொறிகள் இருக்கின்றன. ஒரு திசையை மட்டும் அளந்து அழகான வரைபடம் போடுவது இந்தத் துறையின் பழைய வியாதி.

கணக்கு

டிரெய்ன் மின்னோட்டத்தின் வர்க்கமூலத்தைக் கேட் மின்னழுத்தத்துக்கு எதிராக வரைந்து சரிவை எடுங்கள். மொபிலிட்டி என்பது: சரிவின் வர்க்கம், அதை இரண்டாலும் சேனல் நீளத்தாலும் பெருக்கி, அகலத்தாலும் ஆக்சைடின் பரப்பலகு மின்தேக்குதிறனாலும் வகுத்தது. 300 நானோமீட்டர் ஆக்சைடுக்கு மின்தேக்குதிறன் ஒரு சதுர செ.மீ.க்கு 11.5 நானோஃபாரட்.

நீளம் 50 மைக்ரோமீட்டர், அகலம் 1,000 என்று வையுங்கள். சரிவு ஒரு வோல்ட்டுக்கு ஒரு லட்சத்தில் 5 பங்கு (ஆம்பியரின் வர்க்கமூலத்தில்). கணக்குப் போட்டால் 0.022 வரும். டிரான்சிஸ்டர் திறக்கத் தொடங்கும் தொடக்க மின்னழுத்தத்தைத் தாண்டி 40 வோல்ட் கொடுத்தால் 4 மைக்ரோஆம்பியர் ஓடும். இந்த இரண்டு எண்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று கையால் சரிபார்க்கும் பழக்கம் இருந்தால், மென்பொருளில் செ.மீ.யும் மைக்ரோமீட்டரும் குழம்பும் தவறு அன்றே பிடிபடும்.

கோடு ஒரே சரிவாக இல்லாமல் நடுவில் ஒடிந்து, தொடக்கத்தில் செங்குத்தாகவும் பிறகு படிந்தும் இருந்தால்? செங்குத்துப் பகுதியை எடுத்தால் மொபிலிட்டி பிரமாதமாக வரும். பொய்யாகவும் வரும். அந்தச் செங்குத்துக்குக் காரணம் கேட் மின்னழுத்தத்தோடு மின்வாய்த் தடை இறங்குவது. சேனலுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதை விளக்கியபோது, அதற்கு முன் வெளியான பல உயர்ந்த எண்கள் பத்து மடங்குவரை ஊதிப்போனவையாக இருக்கலாம் என்ற சங்கடம் எழுந்தது.

அது தெரியாமல் செய்த பிழை. தெரிந்தே செய்ததும் உண்டு. பெல் ஆய்வகத்தின் ஷோன், கரிமப் படிகங்களிலும் ஒற்றை மூலக்கூறு அடுக்குகளிலும் டிரான்சிஸ்டர் செய்ததாகக் கட்டுரை மேல் கட்டுரை வெளியிட்டார். வெவ்வேறு சோதனைகள் என்று அவர் போட்ட வரைபடங்களில் இரைச்சல்கூட ஒன்றேபோல இருந்ததைச் சிலர் கவனித்தார்கள். பீஸ்லி தலைமையிலான குழு 24 குற்றச்சாட்டுகளில் 16-இல் மோசடி என்று 2002-இல் முடிவு சொன்னது. மூலத் தரவு எங்கே என்று கேட்டதற்கு, கணினியில் இடமில்லாததால் அழித்துவிட்டேன் என்றார். ஒழுங்கான ஆய்வு நோட்டும் இல்லை. இரைச்சலோடு கூடிய மூலக் கோப்பைத் தொடாமல் தேதியோடு சேமித்து வையுங்கள் என்று வழிகாட்டிகள் நச்சரிப்பது சும்மா இல்லை.

சரியாக வராவிட்டால்

கேட் என்ன செய்தாலும் மின்னோட்டம் அசையவில்லை என்றால் பத்தில் எட்டு முறை கீறல் சிலிக்கானைத் தொடவில்லை. அணைநிலை மின்னோட்டம் அதிகமென்றால் ஆக்சிஜனும் ஈரமும் பாலிமரை மாசூட்டிவிட்டன, அல்லது வேலி போடவில்லை. ஒரே சில்லில் சாதனத்துக்குச் சாதனம் பத்து மடங்கு மாறினால் படலம் சீராக இல்லை. வடிகட்டினீர்களா, சில்லு குளிர்ந்திருந்ததா என்று பாருங்கள். பதினைந்து சாதனங்களின் சராசரியையும் விலகலையும் எழுதுங்கள். அதிர்ஷ்டத்தில் வந்த ஒற்றை நல்ல எண்ணை எழுதாதீர்கள்.

இப்போது பதப்படுத்தாமல் விட்ட அந்தச் சில்லை எடுங்கள். அதே கரைசல், அதே நாள், அதே தங்கம். மொபிலிட்டி குறைந்திருக்கும், போகும் கோட்டுக்கும் வரும் கோட்டுக்கும் இடைவெளி கூடியிருக்கும். எவ்வளவு என்பது உங்கள் கழுவலைப் பொறுத்தது. இரண்டு வரைபடங்களையும் ஒரே தாளில் அச்சிட்டு மேசைக்கு மேலே ஒட்டிவைக்கலாம்.

அளந்து முடித்த நல்ல சில்லு ஒன்றைக் க்ளவ் பாக்ஸுக்கு வெளியே, இருட்டான பெட்டியில் ஒரு வாரம் வைத்துவிட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். அணைநிலை மின்னோட்டம் ஏறியிருக்கும், தொடக்க மின்னழுத்தம் பிளஸ் பக்கம் நகர்ந்திருக்கும். அதையே வெற்றிடத்தில் மிதமாகச் சூடாக்கி மறுபடி அளந்தால் ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பும். ஆக்சிஜன் வந்து உட்கார்ந்ததையும் எழுந்து போனதையும் பார்த்துவிட்டீர்கள்.